உப்பு வணிகன்

செப்டம்பர் 3

பூரணி வந்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை, ஒரு மூட்டை வங்கித் தேர்வுப் புத்தகம். துறையூரில் நல்ல கோச்சிங் இல்லையாம், ஆறு மாதம் இங்கே உறையூரில் எங்களோடுதான். நாத்தனார் என்றால் வந்த அன்றே நாலு குற்றம் கண்டுபிடிக்க வேண்டாமா? இவள் பெட்டியை வைத்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். “நீங்க தைங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்” என்கிறாள். இவர் டயர் கடையை ஏழு மணிக்கே சாத்திவிட்டு வந்துவிட்டார், தங்கச்சி வந்திருக்கிறாள் என்று. எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட ஒன்பது மணிக்கு முன்னால் சாத்தாத மனிதர்.

போனில் நான் ஆடுகிற அரண் சீட்டு விளையாட்டில் முந்தாநாள் புதுப் பருவம் தொடங்கியது. அக்டோபர் முப்பத்தொன்று மாலை ஆறு மணிக்கு முடியும். அந்த நேரத்தில் தரவரிசையில் முதல் பதினாறு பேருக்குள் இருப்பவர்களைப் பெங்களூருக்கு இறுதிப் போட்டிக்குக் கூப்பிடுவார்கள். போன தடவை நான் பத்தொன்பது. இந்தத் தடவை விடுவதாக இல்லை. ப்ளவுஸ் தைக்கிற திலகவதியை இந்தத் தெருவுக்குத்தான் தெரியும். ‘ஊசிமுனை’ என்ற பெயரை, போனில் சீட்டு ஆடுகிற பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வீட்டில் சொன்னால் இவர் “ரம்மியா?” என்று கேட்பார்.

செப்டம்பர் 7

“அண்ணி, இது என்ன கேம்?” என்று பூரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் போனைப் பார்த்து இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆளுக்கொரு கோட்டை. ஆளுக்கு முப்பது சீட்டுள்ள ஒரு கட்டு. முறை வரும்போது கட்டிலிருந்து ஒரு சீட்டு கைக்கு வரும். கையிலிருப்பதை இறக்கி அடுத்தவன் கோட்டையை இடிக்க வேண்டும். கையில் பத்துச் சீட்டுக்கு மேல் நிற்காது, பதினொன்றாவது வந்தால் அது எரிந்துபோகும்.

“இவ்வளவு யோசிச்சா ஆடுறீங்க? சூப்பர் அண்ணி!” என்றாள்.

சொல்லிக்கொடுத்தது நான்தான். இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 12

வெண்கலத்திலிருந்து வெள்ளிக்கு ஏறிவிட்டாள். ஐந்தே நாளில். எனக்கு மூன்று வாரம் ஆனது. அப்போது எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

செப்டம்பர் 15

இன்று சாம்பார் அவள் வைத்தாள். இவர் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டு, “எங்க அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு” என்றார். போட்டுக்கொள்ளட்டும். டயர் மாதிரி வயிறு.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கேட்டாள்: “அண்ணி, உங்க கட்டை எனக்கு அனுப்பறீங்களா? என் கட்டு தங்கத்துல செல்லுபடி ஆகாது போல.”

என் கட்டு ஒரு வருஷ உழைப்பு. எந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சீட்டு என்று தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்து யோசித்துச் சேர்த்தது. அதன் உயிர் இரண்டு தீப்பந்தம். கடைசி நேரத்தில் நேராகக் கோட்டையின் மேல் விழுந்து முடித்துவிடும். அந்தத் தீப்பந்தம் இரண்டையும் எடுத்துவிட்டு, இரண்டு உப்பு வணிகனைப் போட்டு அனுப்பினேன். உப்பு வணிகன் ஒரு செத்த சீட்டு. இறக்கினால் நமக்கு ஒரு சீட்டு கிடைக்கும், எதிராளிக்கும் ஒரு சீட்டு கிடைக்கும். எதிரிக்குச் சோறு போடுகிற சீட்டை எவன் வைத்துக்கொள்வான்?

ஒருத்தி பக்குவம் கேட்டால் எல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவிடுவது எந்த வீட்டில் நடக்கவில்லை? அவள் என்ன என் வயிற்றில் பிறந்தவளா?

செப்டம்பர் 16

பூரணி வரிசையாக நாலு ஆட்டம் தோற்றாள். “எனக்கு இந்தக் கட்டு ஆடத் தெரியல அண்ணி” என்று முகத்தைத் தொங்கப்போட்டாள். பழகப் பழக வரும் என்றேன். பாவமாக இருந்தது என்று எழுத வேண்டும். ஆனால் நல்ல பசி எடுத்தது, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 23

என்ன கொடுமை இது!

அவள் தங்கத்துக்கு ஏறிவிட்டாள். அந்த உப்பு வணிகனை வைத்தே. எப்படி என்று பார்க்க, அவள் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கைக்குத் தையல், கண்ணுக்கு அவள் போன். மேல் படிகளில் ஆடுகிறவர்கள் எல்லாரும் என்னைப்போலத்தான், நல்ல சீட்டைச் சட்டென்று இறக்கமாட்டார்கள், கடைசி நேரத்துக்கு என்று கையில் சேர்த்துச் சேர்த்து வைப்பார்கள். எதிராளி கையில் பத்து சேர்கிற வரைக்கும் இவள் சும்மா தடுத்துக்கொண்டே இருக்கிறாள். பத்து ஆனதும் உப்பு வணிகனை இறக்குகிறாள். அவனுக்கு ஒரு சீட்டு கிடைக்கிறது. கையில் இடமில்லை. அவன் கண்ணெதிரே அது எரிகிறது. ஒருத்தனுக்கு அவனுடைய நல்ல சீட்டே போய்விட்டது, கோபத்தில் அப்படியே ஆட்டத்தை விட்டு ஓடிவிட்டான்.

ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. ஆடத் தொடங்கி இரண்டு வாரம் ஆன இவளுக்குத் தோன்றுகிறது. பார்த்துக்கொண்டே தைத்ததில் பத்மா டீச்சர் ப்ளவுஸில் வலதுகையை இடதுபக்கம் வைத்துவிட்டேன். பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

செப்டம்பர் 30

பூரணி வைரம். நானும் வைரம். ஆனால் நான் மூன்று நாளாக இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.

இவருக்கு இன்றுதான் வைரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கிறது. தங்கச்சி விளக்க, இவர் தலையை ஆட்டிக் கேட்டார். “எங்க வீட்டு மூளை, சும்மாவா?” என்றார். நான் எட்டு மாதமாக ஒவ்வொரு பருவமும் அந்த வைரத்துக்கு ஏறுகிறேன் என்று சொன்னேன். “அப்படியா?” என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 5

அரண் ஆடுகிறவர்களின் தமிழ் வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து ஒரே பேச்சு. ‘பூரணி கட்டு’ என்று பேரே வைத்துவிட்டார்கள். உப்பு வணிகனைக் கொண்டு ஆட முடியும் என்று யார் நினைத்தார்கள், என்ன மூளை, என்ன துணிச்சல் என்று ஒவ்வொருவனும் புகழ்கிறான். நான் ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டு அரிசி களையப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் பூரணி எழுதியிருக்கிறாள்: “இது என் கட்டு இல்லை. எங்க அண்ணி ஊசிமுனை செஞ்சு குடுத்தது. வணிகனை உள்ளே வெச்சதும் அவங்கதான்.”

அதற்குப் பிறகு எனக்கு நூற்றுப் பதினேழு பாராட்டு. ஒருத்தன் எழுதுகிறான்: “அக்கா, அந்தச் சீட்டை வைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? கொஞ்சம் விளக்குங்களேன்.”

என்னத்தை விளக்குவது? இந்த விளையாட்டில் நான் ஆசைப்பட்ட புகழ் எல்லாம் ஒரே நாளில் வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே கூப்பிட முடியவில்லை. “சும்மா ஒரு யோசனைதான் தம்பி” என்று எழுதினேன். அடக்கம் என்று அதற்கும் நாற்பது கைதட்டல்.

அக்டோபர் 9

பூரணி கோச்சிங் போன பிறகு, அந்தக் கட்டை நானும் ஆடிப் பார்த்தேன். ஆறு ஆட்டம். ஆறும் தோல்வி. அவளுக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை. எதிராளி கை நிறைகிற வரைக்கும் என்னால் அடிவாங்கிக்கொண்டு உட்கார முடியவில்லை. பழைய கட்டுக்கே வந்துவிட்டேன்.

தீபாவளித் துணி முப்பத்திரண்டு சேர்ந்திருக்கிறது. பத்மா டீச்சர் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 19

ஆயுத பூஜை. மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். கத்தரிக்கோல், டேப், ஊசிப்பெட்டி எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிவிட்டுப் பொரிகடலை எடுக்க உள்ளே போனேன். வந்து பார்த்தால் மிஷின் மேல் என் போன். நடுநெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பக்கத்தில் பூரணியின் போனும் அதே கோலத்தில்.

“அதுவும் நம்ம ஆயுதம்தானே அண்ணி!” என்று சிரிக்கிறாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. இவர் தேங்காயை உடைத்துவிட்டு, “யாரும் எடுக்கப்படாது, சொல்லிட்டேன்” என்று நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னார். அவர் போன் மட்டும் சட்டைப்பையில் இருக்கிறது!

நான் இருபதில் இருந்தேன். விடுமுறை நாள், ஊரே ஆடும். ஒருநாள் ஆடாமல் சும்மா உட்கார்ந்தால் எத்தனை பேர் தாண்டுவார்கள்? அவள் பதினான்கில் இருக்கிறாள், அவளுக்கு என்ன, சிரிப்பாள். வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவளுடையதும் அங்கேதான் இருக்கிறது. நாள் முழுக்க இரண்டு பேரும் மாறிமாறி சாமி அறை வாசலில் போய் நின்றோம். ஒருதடவை ஒரே நேரத்தில் போய் மோதிக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 20

இருபத்திமூன்று. அவள் பதினைந்து. ஸ்பீக்கர் ஓட்டையில் குங்குமம் போய் அடைத்துக்கொண்டது. ஊசியால் எடுத்தேன்.

அக்டோபர் 27

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். பூரணி எதிரே உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் இப்போது நான் பதினெட்டு, அவள் பதினாறு. காலையில் இவர் சொன்ன வார்த்தை எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது: “நீ அவளுக்குக் கொஞ்சம் விட்டுக்குடுக்கலாம்ல, சின்னப்பொண்ணு.” நான் என்ன பிடித்தா வைத்திருக்கிறேன்?

“நீ ரொம்ப நல்லவள்னு பேர் எடுக்கத்தானே குழுவுல என் பேரைச் சொன்னே?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் நூலைக் கீழே வைத்தாள். “நீங்க கட்டு அனுப்பின ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும் அண்ணி.”

“என்ன தெரியும்?”

“நீங்க ஆடும்போது எட்டிப் பாத்தேன். உங்க கட்டுல தீப்பந்தம் இருந்துச்சு. எனக்கு அனுப்புனதுல இல்ல.”

ஊசி விரலில் ஏறிவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

“அன்னிக்கு பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம் தீப்பந்தத்தை எடுத்து உள்ள போடப் போனேன். போட்டா நீங்க பண்ணதை நானே சரிபண்ணி மறைச்ச மாதிரி ஆயிடும். போடமாட்டேன்னு வெறி வந்துச்சு. நீங்க குடுத்த அந்தக் குப்பையை வெச்சே உங்களைத் தாண்டிக் காட்டணும்னு. குழுவுல உங்க பேரைச் சொன்னதும் அதுக்குத்தான். யார் பாராட்டினாலும் உங்களுக்குக் குத்தணும்னு.”

அவள் கண் கலங்கிக் கிடந்தது, ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது.

“எங்க அண்ணன் உங்களைக் கட்டிக்கிட்டு வந்த நாள்ளேர்ந்து வீட்ல எதுக்கெடுத்தாலும் திலகா, திலகா. திலகா மாதிரி தைக்கத் தெரியுமா, திலகா மாதிரி கணக்கா செலவு பண்ணத் தெரியுமான்னு அம்மா என்னை எத்தனை தடவை கேட்டிருப்பாங்க தெரியுமா? போங்க அண்ணி!”

எழுந்து போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையா என்றால், தோன்றியது. அதற்கு முன்னால் வேறொன்று தோன்றியது. அப்பாடா, இவளுக்கும் எரிகிறது! இத்தனை நாளாக இவளை ஒரு தெய்வப்பிறவி என்று நினைத்துக்கொண்டு நான் ஒருத்தியாக வெந்துகொண்டிருந்தேனே. என் மாமியார் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள், அதுவும் இன்றைக்குத்தான் தெரிகிறது. என் முன்னால் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

சாயங்காலம் அவளுக்குக் காப்பியை நானே ஆற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 31

பகல் இரண்டு மணிக்கு அவள் பதினாறு, நான் பதினேழு. ஒரே ஓர் இடம் மீதி. அவள் சும்மாவும் உட்கார முடியாது, பின்னால் வருகிறவர்கள் தாண்டிவிடுவார்கள். நான் கீழே மிஷின் பக்கத்தில், அவள் மாடி அறையில். வெளியே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது.

ஐந்து மணி இருபத்தைந்து. எதிராளியைத் தேடுகிறது, தேடுகிறது, தேடுகிறது. திரையில் பேர் வந்தது: பூரணி.

மாடியிலிருந்து சத்தம்: “அண்ணி! நீங்களா?”

“நான்தான்டி! விட்டுக்குடுத்தே, கொன்னுடுவேன்!”

“யாரு குடுக்கப் போறா!”

மழைக்குக் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்த இவர் ஹாலில் டீவி பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சண்டை?” என்றார். அதற்குள் நான் முதல் சீட்டை இறக்கிவிட்டேன்.

நானும் புத்தியோடுதான் ஆடினேன். அவள் கட்டு எனக்குத் தெரியும், கையில் சேர்க்காமல் வந்தது வந்தபடி இறக்கினேன். அவள் கோட்டையில் ஆறு கல்தான் மிச்சம். ஆனால் அவளும் கள்ளி. நான் இறக்கிய வீரர்களை எல்லாம் திருப்பி என் கைக்கே அனுப்புகிற சீட்டைப் போட்டாள். என் கையில் பத்து ஆகிவிட்டது. கட்டில் மீதி மூன்று சீட்டு, அதில் இரண்டு தீப்பந்தம். அடுத்த முறையில் வருகிற ஒன்று எரிந்தாலும் பரவாயில்லை, நாலு சீட்டை இறக்கி இடம் பண்ணிவிட்டால் மீதி இரண்டில் ஒரு தீப்பந்தம் கட்டாயம் கைக்கு வரும், ஆறு கல்லும் போய்விடும். இப்போது அவள் முறை.

அப்போது தெருமுனையில் டமால் என்று சத்தம். டீவி நின்றது, மின்விசிறி நின்றது. என் திரையில் ‘எதிராளியின் இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று வந்தது. அவள் பேருக்குக் கீழே திரி எரியத் தொடங்கியது. திரி முடிந்தால் அவள் முறை போய்விடும்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் ஆடுவது எங்கள் வீட்டு வைஃபையில், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அவள் போனுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அது மத்தியானமே தீர்ந்துவிடும். என் போனில் நெட் இருக்கிறது. நான் ஹாட்ஸ்பாட் போட்டால் அவள் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும், எத்தனையோ தடவை போட்டுக்கொடுத்திருக்கிறேன்.

மாடியிலிருந்து கேட்பாள் என்று காத்திருந்தேன். “அண்ணி, ஹாட்ஸ்பாட்!” என்று ஒரு குரல். கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். மழை சத்தம் வேறு. கேட்கவில்லை, ராட்சசி. மாடியில் ஓர் அசைவு இல்லை. திரி பாதிக்கு வந்துவிட்டது.

எனக்கு அவளை அடிக்க வேண்டும். இரண்டு மாதமாக அதுதான் வேண்டும். அவள் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, என்னென்ன சீட்டு உண்டோ அத்தனையும் அவள் போட்டு முடித்த பிறகு அடிக்க வேண்டும். செத்துக் கிடக்கிற போனை ஜெயித்து என்ன செய்வது? ஈபிக்காரன் வாங்கிக்கொடுத்த இடத்தோடு பெங்களூரு போய், அங்கே யாரிடம் என்ன சொல்வது? வாழ்நாள் முழுக்க அவள் ‘கரண்ட் மட்டும் போகாம இருந்திருந்தா’ என்று நினைப்பாள். அந்த நினைப்பை அவளுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்: “பிடிச்சுக்கடி! சீக்கிரம்!”

திரியில் ஒரு நுனி பாக்கி. அவள் வந்துவிட்டாள். அடுத்த நொடி உப்பு வணிகனை இறக்கினாள். எனக்கு ஒரு சீட்டு கிடைத்தது, கையில் இடமில்லை, தீப்பந்தம் எரிந்தது. இரண்டாவது உப்பு வணிகனையும் இறக்கினாள். இன்னொரு தீப்பந்தமும் எரிந்தது. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, கடங்காரி. இரண்டு முறை கழித்து என் கோட்டை விழுந்தது.

மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். மூச்சு வாங்குகிறது.

“ஏன் அண்ணி போட்டீங்க?”

“உன்னை ஜெயிக்கத்தான்.”

“தோத்துட்டீங்களே.”

“தெரியுது, போ.”

போகவில்லை. என் மிஷின் ஸ்டூலில் இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை முட்டியது. அவளுக்கு முன்னால் அழ முடியாது என்று ஒரு ப்ளவுஸை எடுத்துக் கொக்கி கட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்று அவள் போன் விளக்கைப் பிடித்தாள். “தீப்பந்தத்தை எடுத்துட்டு அனுப்பினது தப்புதான்” என்றேன். “ஆமா” என்றாள்.

நவம்பர் 1

அவள் பதினாறு. நான் பதினெட்டு, கடைசி அரைமணியில் எவனோ தாண்டிவிட்டான். பெங்களூரு அவளுக்கு. இவர் நேற்றே டயர் கடைப் பையன்களுக்கெல்லாம் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தாராம். என்னிடம், “நீதானே சொல்லிக்குடுத்தே, உனக்கும் பெருமைதான்” என்றார். பெருமையாம். வயிறு எரிகிறது. அவள் ரயில் ஏறும்போதும் எரியும், மேடையில் நின்று போட்டோ அனுப்பும்போதும் எரியும். அவள் அங்கே ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் பொய். தோற்க வேண்டும் என்று வேண்டவில்லை. என்னால் முடிந்தது அதுதான்.

இன்று புதுப் பருவம். விடிவதற்குள் எல்லாரையும் தங்கத்துக்கு இறக்கிவிட்டார்கள். அவள் பேரும் என் பேரும் ஒரே படியில் இருக்கிறது. நேற்று ராத்திரி படுக்கும்போது, “அஞ்சு மணிக்கு என்னையும் எழுப்புங்க அண்ணி, சேந்து ஆரம்பிக்கலாம்” என்று சொல்லியிருந்தாள்.

இப்போது மணி ஆறு. நான் மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டேன். இதோ எழுப்பப் போகிறேன், இன்னும் ஒரே ஓர் ஆட்டம் முடியட்டும்.